நீரோட்டத்துக்கு பிரேக் எங்கே இருக்கிறது?

பள்ளிக்கூட அட்லஸில் கடல் நீரோட்டங்களை அம்பு போட்டுக் காட்டியிருப்பார்களே, சூடானதற்குச் சிவப்பு, குளிர்ந்ததற்கு நீலம் என்று, அந்தப் படத்தை நான் ரொம்ப காலம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். அம்புகள் எல்லாம் வழவழவென்று வளைந்து கண்டங்களை உரசிக்கொண்டு போகும். கடலுக்கு அடி என்று ஒன்று இருப்பதற்கான அறிகுறியே அதில் இருக்காது. தேர்வுக்கு அது போதும் என்பதால் நானும் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

பல வருடம் கழித்து அதே படத்தை வேறொரு புத்தகத்தில் பார்த்தபோதுதான் அண்டார்டிகாவைச் சுற்றியிருந்த அம்பு உறுத்தியது. மற்ற எல்லா நீரோட்டங்களும் எங்காவது ஒரு கண்டத்தில் முட்டித் திரும்புகின்றன. இது மட்டும் மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, கடைசியில் தன் வாலையே பிடித்துவிடுகிறது. தென் அமெரிக்காவின் முனைக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே இருக்கும் டிரேக் கடல்வழியின் அட்சரேகையில் ஒரு படகை விட்டால் எந்த நிலத்தையும் தொடாமல் உலகத்தைச் சுற்றி வந்துவிடலாம். அதன் மேல் வருடம் முழுக்க மேலைக்காற்று வீசுகிறது, உலகத்திலேயே மிக மூர்க்கமான காற்றுகளில் ஒன்று. சரி, ஒரு பொருளை ஒரே திசையில் தள்ளிக்கொண்டே இருந்தால் அதன் வேகம் கூடிக்கொண்டே போக வேண்டும் இல்லையா? இந்த நீரோட்டம் பல லட்சம் வருடங்களாக இப்படித் தள்ளு வாங்குகிறது. ஆனால் மேற்பரப்பில் அதன் வேகம் சாதாரணமாக ஒரு மனிதன் நடக்கிற வேகத்தைக்கூட எட்டுவதில்லை. அப்படியென்றால் அதை யாரோ பிடித்து இழுக்கிறார்கள். யார்?

கரையில் உராய்கிறதா என்றால், அங்கே கரையே கிடையாது. அடித்தரையில் உராய்கிறதா என்றால், கொஞ்சம் உராய்கிறதுதான், ஆனால் அது போதவே போதாது. உராய்வை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் நீரோட்டம் நிஜத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரிதாக வந்து நிற்கிறது.

1951இல் வால்டர் மங்க், எரிக் பால்மேன் என்ற இருவர் சேர்ந்து ஒரு சின்னக் கட்டுரையில் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். மங்க் கடலியலாளர், பால்மேன் வானிலை ஆள். பிரேக் இருப்பது கடலுக்கு அடியில் உள்ள மலைகளில் என்றார்கள். உராய்வினால் வரும் பிரேக் இல்லை இது, அழுத்தத்தினால் வருவது. ஓடும் ஆற்றில் முழங்காலளவு தண்ணீரில் நின்று பார்த்தவர்களுக்கு இது காலிலேயே தெரியும். காலுக்கு முன்னால் தண்ணீர் லேசாக மேடு கட்டும், பின்னால் குழி விழும். முன்னால் அழுத்தம் அதிகம், பின்னால் குறைவு, அந்த வித்தியாசம்தான் காலைத் தள்ளுகிறது. கால் அசையாமல் நிற்கிறது என்றால் அதே அளவுக்குக் கால் தண்ணீரைத் திருப்பித் தள்ளுகிறது என்று அர்த்தம். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலில் காலுக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு மலைத்தொடர்கள் நிற்கின்றன, அவ்வளவுதான். மலையின் மேற்குச் சரிவில் அழுத்தம் கூடுதல், கிழக்குச் சரிவில் குறைவு. காற்று கொடுக்கும் தள்ளு கடைசியில் பூமியின் பாறைக்குள் போய் இறங்குகிறது. மேலே வீசும் காற்றின் பிடி, நாலு கிலோமீட்டர் கீழே ஒரு மலையின் முதுகில் முடிகிறது.

இதைப் படித்தபோது எனக்கு வந்த முதல் சந்தேகம், நாலு கிலோமீட்டருக்குக் கீழே கிடக்கும் மலையை மேலே ஓடும் தண்ணீர் ஏன் சட்டை செய்ய வேண்டும் என்பது. குளத்தின் அடியில் கல் கிடந்தால் மேலே நீந்துகிற வாத்துக்கு என்ன?

இந்தச் சந்தேகத்துக்குப் பதில், பூமி சுற்றுகிறது என்பது. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் நான் கண்ணால் பார்க்கும்வரை எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர் வீட்டில் சும்மா கிடந்தது. அதன் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிக்காக ஒரு அட்டையில் ஓட்டை போட்டு வைத்து, அதன் மேல் தட்டையான கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாகத் தண்ணீர் ஊற்றி, நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓடவிட்டேன். முதல் தடவை பாத்திரம் நடுவில் சரியாக உட்காரவில்லை, பாதித் தண்ணீர் மேசைக்கும் மீதி ரெக்கார்டு பிளேயரின் வயிற்றுக்கும் போயிற்று. இரண்டு நாள் காயவைத்து மறுபடி முயன்றேன். தண்ணீர் முழுக்கப் பாத்திரத்தோடு சேர்ந்து சுற்றும்வரை கால் மணி நேரம் பொறுத்திருந்து, சிரிஞ்சில் ஒரு சொட்டு மை விட்டேன்.

நிற்கிற தண்ணீரில் மை விட்டால் புகை மாதிரி எல்லாப் பக்கமும் உருண்டு பரவும். இதில் அப்படி நடக்கவில்லை. மை பக்கவாட்டில் இழுபட்டு, மேலிருந்து கீழ்வரை செங்குத்தாகத் தொங்கும் மெல்லிய திரைகளாக ஆகிவிட்டது. மேலிருந்து பார்த்தால் கோடு, பக்கத்திலிருந்து பார்த்தால் திரைச்சீலை. வேகமாகச் சுற்றும் தண்ணீர், மேல் ஒன்று கீழ் ஒன்று என்று தனித்தனியாக அசைய மறுக்கிறது. முழு உயரமும் ஒரு தூண் போலச் சேர்ந்துதான் நகர்கிறது.

அப்புறம் பாத்திரத்தின் அடியில் ஒரு களிமண் உருண்டையைத் தட்டி ஒட்டினேன், உயரம் ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும், தண்ணீரோ அதன் மேல் ஐந்தாறு மடங்கு நின்றது. மை விட்டுவிட்டு, வேகத்தைத் திருத்தும் குமிழைத் திருகி லேசாகக் குறைத்தேன். பாத்திரம் கொஞ்சம் பின்தங்க, தண்ணீர் பழைய வேகத்திலேயே முன்னால் போகும், ஒரு நிமிடத்துக்குள் ஒரு செயற்கை நீரோட்டம் உருவாகி அடங்கும். அந்த ஒரு நிமிடத்தில் மைத்திரை களிமண்ணை நோக்கி வந்தது, வந்து, அதன் மேல் ஏறிப் போகாமல் சுற்றிக்கொண்டு போயிற்று. களிமண்ணின் உயரத்தில் மட்டும் இல்லை, மேற்பரப்பு வரைக்கும். அங்கே எந்தத் தடையும் இல்லாத இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு தூண் நிற்பதுபோல மை ஒதுங்கிப் போனதைப் பார்த்தபோது நிஜமாகவே கொஞ்சம் சிலிர்த்தது. ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1923இல் இதைவிட நேர்த்தியாகச் செய்து காட்டியிருக்கிறார், அவர் பெயரிலேயே அதை டெய்லர் தூண் என்கிறார்கள். என்னுடையது ஈரமான ரெக்கார்டு பிளேயர் பதிப்பு.

நிஜக் கடல் என் பாத்திரம் மாதிரி ஒரே அடர்த்தியாக இல்லை. மேலே லேசான வெதுவெதுப்பான நீர், கீழே கனமான குளிர்ந்த நீர் என்று அடுக்கடுக்காக இருக்கிறது, இந்த அடுக்குகள் தூணை நடுவில் வெட்டிவிடும். வெப்பமண்டலக் கடல்களில் அடுக்கு பலமாக இருப்பதால் மேற்பரப்பு நீருக்கு அடிமலையின் சேதி அவ்வளவாக எட்டாது. தென்கடலில் அடுக்கு பலவீனம். அங்கே நீரோட்டம் கிட்டத்தட்ட அடித்தரை வரை இறங்கி ஓடுகிறது, அதனால் மலை சொல்வதைக் கேட்கிறது. டிரேக் கடல்வழியில் இது அளவுகளிலேயே தெரிந்தது. கடலியலாளர்கள் நீரோட்டத்தை ஸ்வெர்ட்ரப் என்ற அலகில் அளப்பார்கள், ஒரு ஸ்வெர்ட்ரப் என்றால் நொடிக்கு 10 லட்சம் கன மீட்டர். உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்தாலே ஒரு ஸ்வெர்ட்ரப்பைச் சற்றுத்தான் தாண்டும். 1970களின் கடைசியில் எடுத்த அளவு டிரேக் வழியாக 134 ஸ்வெர்ட்ரப் போகிறது என்றது. 2007 முதல் 2011 வரை அடித்தரையிலேயே கருவிகளை இறக்கி வைத்து அளந்தபோது அது 173 ஆகிவிட்டது. கூடுதலாகக் கிடைத்ததற்குக் காரணம், அடித்தரையை ஒட்டி ஓடும் ஓட்டத்தை இந்தத் தடவைதான் ஒழுங்காகப் பிடித்தார்கள்.

மலை நீரோட்டத்தைத் திருப்புவது எப்படி என்றால், ஓடிவரும் நீர்த்தூண் மேட்டின் மேல் ஏறும்போது உயரம் குறைந்து நசுங்கிப் பருக்கிறது. நின்ற இடத்தில் சுற்றுகிற ஆள் கையை விரித்தால் வேகம் குறைவதுபோல அதன் சுழற்சியும் குறைய வேண்டும். பூமியின் சுழற்சி துருவத்தில் அதிகமாகவும் நிலநடுக்கோட்டை நோக்கிக் குறைவாகவும் உணரப்படுவதால், குறைத்துக்கொள்ளச் சுலபமான வழி நிலநடுக்கோட்டுப் பக்கம் விலகுவது. ஆகவே தென்கடலில் மேடு வந்தால் நீரோட்டம் வடக்கே ஒதுங்கும், மேடு தாண்டியதும் தெற்கே சரியும். டிரேக்கைத் தாண்டியதும் அது வடக்கே சடாரென்று திரும்புவதும், இந்தியப் பெருங்கடலின் தெற்கே கெர்குலன் மேட்டுநிலத்தில் மோதிப் பிரிந்து சுற்றிப் போவதும், பசிபிக்கின் தென்பகுதியில் மலைத்தொடரை எல்டானின், உடின்ட்செவ் என்ற இரண்டு பிளவுகள் வழியாக நெருக்கியடித்துக் கடப்பதும் இந்த விவகாரம்தான். அட்லஸில் அந்த அம்பு ஒரு வளையம். நிஜத்தில் அது மலைப்பாதைப் பேருந்து போல வளைந்து வளைந்து போகிறது.

சரி, மலை பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று தள்ளுவது மேல் தோலை மட்டும்தானே, அந்தத் தள்ளு அத்தனை அடுக்கையும் கடந்து எப்படிக் கீழே போகிறது? இங்கேதான் சுழல்கள் வருகின்றன, எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான்.

கடலில் பத்து கிலோமீட்டரிலிருந்து சில நூறு கிலோமீட்டர் வரை குறுக்களவுள்ள நீர்ச்சுழல்கள் எங்கும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. படகை விழுங்கும் சுழி என்று கற்பனை செய்ய வேண்டாம். ஒன்றின் நடுவே கப்பலில் நின்றாலும் உங்களுக்குத் தெரியாது, அவ்வளவு பெரியது, அவ்வளவு நிதானமானது. வளிமண்டலத்தில் புயலும் தாழ்வு மண்டலமும் எப்படியோ கடலுக்கு இவை அப்படி. கடலின் இயக்க ஆற்றலில் பெரும்பங்கு இவற்றில்தான் இருக்கிறது, அட்லஸ் அம்புகளில் இல்லை. இது தெரியவந்ததே ஒரு தற்செயல். ஜான் ஸ்வாலோ என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1955இல் அலுமினியக் குழாயில் ஒரு மிதவை செய்தார். தண்ணீரைவிடக் குறைவாக அமுங்கும் குழாய், ஆகவே அது மூழ்கிக்கொண்டே போய்த் தன் அடர்த்தியும் சுற்றியுள்ள நீரின் அடர்த்தியும் சமமாகும் ஆழத்தில் நின்றுவிடும், அங்கிருந்தபடியே ஒலி எழுப்பும், மேலே கப்பலில் காது கொடுத்து அது எங்கே போகிறது என்று பார்க்கலாம். 1959, 60 வாக்கில் ஏரீஸ் என்ற சிறு பாய்மரக் கப்பலில் பெர்முடாவுக்கு அருகே இந்த மிதவைகளை ஆழத்தில் விட்டார். அன்றைய கோட்பாட்டின்படி ஆழ்கடல் நீர் ஊர்ந்துதான் போகும், விட்டுவிட்டு வந்து சாவகாசமாகத் தேடிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார்கள். மிதவைகளோ எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில், ஒன்று ஒரு பக்கம், இன்னொன்று நேர் எதிர்ப் பக்கம் என்று ஓடிப் போய்விட்டன. கோட்பாடு சொன்ன நிதானமான சராசரி ஓட்டம் இந்தக் களேபரத்துக்குள் எங்கோ புதைந்து கிடந்தது. 1970இல் சோவியத் ஆய்வாளர்களும் 1973இல் அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் கடலின் ஒரு துண்டை மாதக்கணக்கில் காவல் காத்து, அது சுழல்களின் வேலை என்று உறுதி செய்தார்கள்.

இந்தச் சுழல்கள் தள்ளுதலைக் கீழே இறக்கும் விதம் இப்படி. இரண்டு அடர்த்தி அடுக்குகளுக்கு நடுவிலுள்ள எல்லை சமதளமாக இருந்தால் மேலடுக்கு கீழடுக்கின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். சுழல்கள் அந்த எல்லையைக் கசக்கி மேடும் பள்ளமுமாக ஆக்கிவிடுகின்றன. இப்போது மேலடுக்குக்குக் கீழடுக்கின் மேடுகள் சின்னச் சின்ன மலைகள் மாதிரி. ஆற்றில் கால் வைத்த அதே கதைதான், ஒரு பக்கம் அழுத்தம் கூட, ஒரு பக்கம் குறைய, மேலடுக்கு கீழடுக்கைத் தள்ளுகிறது. கீழடுக்கு அதற்கும் கீழே உள்ளதை. சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவதுபோலக் காற்றின் தள்ளு அடுக்கு அடுக்காக இறங்கி, கடைசி ஆள் அதை நிஜ மலையின் மேல் வைக்கிறார்.

இதிலிருந்து ஒரு விசித்திரமான முடிவு வருகிறது. காற்று பலத்தால் நீரோட்டமும் பலக்க வேண்டும் என்றுதானே யாரும் நினைப்போம்? ஓசோன் ஓட்டையாலும் பசுங்குடில் வாயுக்களாலும் கடந்த சில பத்தாண்டுகளில் தென்கடல் மேலைக்காற்று வலுத்திருக்கிறது. அதே காலத்தில் அங்குள்ள அடர்த்தி அடுக்குகளின் சாய்வு கிட்டத்தட்ட மாறவே இல்லை என்று 2008இல் வெளிவந்த ஆய்வு ஒன்று பல பத்தாண்டு அளவுகளை ஒப்பிட்டுக் காட்டியது. அந்தச் சாய்வைப் பொறுத்ததுதான் ஓட்டத்தின் பலம், ஆகவே சாய்வு மாறவில்லை என்றால் நீரோட்டமும் பெரிதாக மாறவில்லை. கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் தீயைக் கூட்டிப் பாருங்கள், வெப்பநிலை ஏறாது, கொதிப்புதான் அதிகமாகும். அதுமாதிரி இங்கே கூடுதல் காற்று அடுக்குகளைச் செங்குத்தாக்கப் பார்க்கிறது, செங்குத்தானால் சுழல்கள் அதிகம் பிறக்கின்றன, அவை அடுக்குகளைப் பழையபடி படுக்க வைக்கின்றன. காற்று கொடுத்த சக்தி சுழல்களுக்குப் போகிறது. செயற்கைக்கோள் அளவுகளிலும் தென்கடலில் சுழல்களின் வேகம் கூடிவருவது தெரிகிறது. அதுவும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை, மலைகளைத் தாண்டிய உடனே வரும் பகுதிகளில்தான் சுழல்கள் மொய்க்கின்றன. மலை இல்லாத சமதளக் கடல் என்றால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

அர்ஜென்டினாவுக்குக் கிழக்கே ஆழ்கடலில் ஜாபியோலா மேடு என்று ஒன்று இருக்கிறது. பாறை மலைகூட இல்லை, சேறு படிந்து படிந்து சுற்றுப்புறத்தைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த ஒரு குவியல். அதைச் சுற்றி இடஞ்சுழியாக ஒரு பிரம்மாண்ட ஓட்டம் மேலிருந்து அடிவரை சுற்றிக்கொண்டிருக்கிறது, சுமார் 100 ஸ்வெர்ட்ரப், அதாவது உலக ஆறுகள் அத்தனையும் போல எண்பது மடங்குக்கு மேல், போக இடமில்லாமல் அங்கேயே. இதை நேரடியாகச் சுற்றிவிடும் காற்று எதுவும் மேலே இல்லை. சுற்றிலும் உள்ள கடல், சுழல்களுக்குப் பேர் போனது, அந்தச் சுழல்கள் மேட்டின் சரிவுகளில் மோதி மோதித் தங்கள் சக்தியை ஒரே திசையில் ஊட்டி இந்த ஓட்டத்தைக் கட்டி வைத்திருக்கின்றன. செயற்கைக்கோள் படத்தில் நடுப்பகுதி மட்டும் புயலின் கண் மாதிரி அமைதியாக இருக்கிறது. குழப்பம் மலையோடு சேர்ந்தால் ஒழுங்கான நீரோட்டம் பிறக்கும் என்பதை கிரெக் ஹாலோவே என்ற கனடியக் கடலியலாளர் பல வருடம் வாதாடினார், அதற்கு நெப்டியூன் விளைவு என்று கடல்தெய்வத்தின் பெயரையே வைத்தார். கடல் ஆட்களுக்குக் கொஞ்சம் நாடகத்தனம் உண்டு.

எல்லா மலையும் பிரேக்தான் என்று சொல்லிவிட முடியாது, சில மலைகள் சுவர் மாதிரி. ஜப்பானை ஒட்டி ஓடும் குரோஷியோ பெரும்பாலும் கரையோடு நேராகப் போகும், சில காலம் திடீரென்று தெற்கே பெரிய வளைவு போட்டு வருடக்கணக்கில் அப்படியே நின்றுவிடும். கியூஷு தீவுக்குத் தென்கிழக்கே ஒரு சின்ன வளைவாகத் தொடங்கி, கிழக்கே நகர நகரப் பெருத்து, இசு மலைத்தொடருக்கு மேற்கே வந்து மாட்டிக்கொள்கிறது. மலைத்தொடர் அதை மேலே போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது, வளைவுக்கும் கரைக்கும் நடுவே குளிர்ந்த நீர்ச்சுழல் ஒன்று குடியிருக்கும். 2017 ஆகஸ்டில் ஆரம்பித்த வளைவு 2025 ஏப்ரலில்தான் முடிந்தது என்று ஜப்பான் வானிலை மையம் அறிவித்தது, 7 வருடம் 9 மாதம், பதிவுகளிலேயே மிக நீண்டது. மீன் பிடிக்கும் இடம் மாறியது, சில கரைகளில் கடல்மட்டம் உயர்ந்தது. அட்லான்டிக்கின் வளைகுடா நீரோட்டத்துக்கும் தென் கரோலினாவுக்கு வெளியே சார்ல்ஸ்டன் மேடு என்று இதே மாதிரி ஒரு முட்டுக்கட்டை உண்டு, அதில் இடித்து அது கரையை விட்டு விலகும்.

இவ்வளவு அதிகாரம் உள்ள மலைகளை நாம் எவ்வளவு பார்த்திருக்கிறோம்? கப்பலிலிருந்து ஒலி அனுப்பி நேரடியாக அளந்த கடலடி 2025 நிலவரப்படி கால் பங்கைச் சற்றுத்தான் தாண்டியிருக்கிறது. மீதி எல்லாம் செயற்கைக்கோள் வழியாக ஊகித்தது. ஊகிக்கும் முறை அழகானது. கடலடியில் 2,000 மீட்டர் உயர மலை இருந்தால் அதன் ஈர்ப்பு சுற்றியுள்ள நீரைத் தன் பக்கம் இழுக்கும், அதனால் மேலே கடல் மட்டமே சுமார் 2 மீட்டர் புடைத்து நிற்கும். பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவிய புடைப்பு என்பதால் கப்பலில் போகிறவருக்குத் தெரியாது, ரேடார் வைத்த செயற்கைக்கோளுக்குத் தெரியும். ஆனால் சின்ன மலைகள் இதில் அகப்படாது, மலையின் சரிவு, பிளவின் ஆழம் போன்ற நுணுக்கங்கள் கலங்கலாகவே வரும். நீரோட்டம் நுழைந்து போகிற அந்தப் பிளவுகள்தான் நமக்கு வேண்டும் என்பது வேறு விஷயம்.

அப்புறம் கணினி மாதிரிகள். நூறு கிலோமீட்டர் கட்டங்களாகக் கடலைப் பிரித்துக் கணக்குப் போடும் பருவநிலை மாதிரிக்குச் சுழலே கண்ணில் படாது, துருவப் பக்கம் சுழல்கள் பத்து, இருபது கிலோமீட்டர் அளவுக்கும் சுருங்கிவிடும். 1990இல் ஜென்ட், மெக்வில்லியம்ஸ் என்ற இருவர், சுழலைக் காட்ட முடியாவிட்டாலும் அது அடுக்குகளைப் படுக்க வைக்கும் வேலையை மட்டும் ஒரு சூத்திரமாக எழுதிச் சேர்த்துவிடலாம் என்று வழி சொன்னார்கள், இன்றும் பல மாதிரிகள் அதில்தான் ஓடுகின்றன. குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் ஜாபியோலா மாதிரி ஒன்று அந்தச் சூத்திரத்திலிருந்து தானாகப் பிறக்காது என்பது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நீரோட்டங்களையும் அதே கடல்மட்டத்திலிருந்துதான் செயற்கைக்கோள்கள் படிக்கின்றன. வளைகுடா நீரோட்டத்தின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே, நூறு கிலோமீட்டர் அகலத்தில், நீர்மட்டம் சுமார் ஒரு மீட்டர் உயர்ந்திருக்கும், அந்தச் சாய்வை அளந்தால் ஓட்டத்தின் வேகம் கிடைத்துவிடும். மலை புடைக்க வைப்பது 2 மீட்டர், நீரோட்டம் சாய்ப்பது 1 மீட்டர், இரண்டும் ஒரே தண்ணீரில் ஒன்றின் மேல் ஒன்றாக. ஈர்ப்பை மட்டும் அளக்க 2009இல் தனியாக ஒரு ஐரோப்பியச் செயற்கைக்கோளை, கோசி என்று பெயர், 250 கிலோமீட்டர் உயரத்துக்குத் தாழ்வாகப் பறக்கவிட்டார்கள். அதன் வரைபடத்தை வைத்து முதலில் ஈர்ப்பின் பங்கைக் கழிக்கிறார்கள், மிச்சம் நிற்பதைத்தான் நீரோட்டம் என்று வரைகிறார்கள்.